கையிலிருந்து கன்னத்துக்கு

பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கம் விடியற்காலையில் மலைக்கு ஏறும் பெண்களின் இடுப்பில் படங்கோடு ஒரு வெற்றிலைப் பையும் இருக்கும். வெற்றிலை, சீவின பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. குளிருக்கு ஒரு வாய், பசி எடுத்தால் ஒரு வாய், தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு வாய். கொழுந்து நிறுக்கும் நேரம் வரை வயிற்றைச் சமாளிக்க இதைவிட மலிவான வழி தோட்டத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. சில பாட்டிமார் கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலையோடேயே உறங்கிப்போவார்கள். அந்த ஒதுக்கிய கன்னம் கெட்டுப்போனால் என்ன ஆகிறது, அதை வெட்டி எடுக்க நேர்ந்தால் அந்த இடத்தை மருத்துவர்கள் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முகத்துக்கான பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றால் சினிமா நடிகைகளின் மூக்கு, பணக்காரர்களின் முகச்சுருக்கம் என்றே பலருக்கும் நினைவு போகிறது. இலங்கையில் அந்தத் துறையின் கடினமான வேலையெல்லாம் வாய்க்குள் நடக்கிறது. இந்நாட்டு ஆண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இந்த நோயையும் அதற்கு முந்திய நிலைகளையும் தேடிப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. அதன் பிறகும் தோட்டத்து வெற்றிலைப் பை இளைத்துவிடவில்லை. சுவையூட்டிய, புகையிலை கலந்த மெல்லும் பொட்டலங்களை அரசு 2016இல் தடை செய்தது நல்ல காரியம். ஆனால் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் எந்தத் தடைக்குள்ளும் அடங்காதவை.

“நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்” என்று நிம்மதியாகச் சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கப் போதுமானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியிலுள்ள நார்க் கலங்களைத் தூண்டி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் அந்த நாரை உடல் கரைத்துவிடாதபடி காக்கின்றன. பாக்கில் செம்பும் அதிகம். செம்பு கிடைத்தால் வேகம் பிடிக்கும் ஒரு நொதியம் நார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுகிறது. மெத்தென்றிருந்த கன்னம் வருடக்கணக்கில் வெளுத்து, இறுகி, உள்ளே பட்டை பட்டையாகத் திரள்கிறது. கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதன்முதலில் எழுதினார்.

நோயாளிக்கு முதலில் தெரிவது எரிச்சல். சம்பல் வாயில் வைக்க முடியாது, கொச்சிக்காய் பட்டால் கண்ணில் நீர் வரும். அடுத்ததாக, அடுப்பு ஊத வராது. ஊதாங்குழலை வாயில் வைத்து எவ்வளவு முயன்றாலும் கன்னம் உப்பாது, காற்று உதட்டோரம் கசியும். விறகடுப்புள்ள லயத்துக் காம்பராவில் இது அன்றாடம் இடிக்கும் சங்கடம். ஆனாலும் நோயென்று அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “வயசாகிடுச்சு” என்று மகளிடம் குழலைக் கொடுத்துவிடுவார்கள். பிறகுதான் வாய் திறப்பது குறையும். நல்ல வாய் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும், தன் விரல்களில் மூன்றை நெட்டுக்கு அடுக்கி உள்ளே விடலாம். அது இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் ரொட்டியைப் பிய்த்துப் பல்லிடுக்கால் தள்ளும் நிலை வரும். இறுகிய வாய்க்குள் என்ன இருக்கிறதென்று மருத்துவராலும் பார்க்க முடியாது என்பதுதான் இதில் ஆபத்து. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது 7.6 விழுக்காட்டினருக்கு அது புற்றுநோயாக மாறியிருந்தது.

இறுகிய வாயைத் திறக்கும் சிகிச்சை, மயக்க மருந்து கொடுப்பவரின் கையில் தொடங்குகிறது. மூச்சுக் குழாயை வழக்கமாக வாய்வழியே பார்த்துத்தான் செலுத்துவார்கள், இங்கே வாயே திறக்காது. எனவே நுனியில் ஒளியுள்ள மெல்லிய நெளிகுழாயை மூக்குவழி இறக்கி, குரல்வளையைக் கண்ணால் கண்டு, அதன்மேல் சுவாசக் குழாயைச் செலுத்துகிறார்கள். பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் கன்னத்தின் உட்புறத்தில் அந்த நார்ப்பட்டைகளைக் குறுக்கே அறுக்கிறார், திருகுக் கருவியால் தாடையை மெல்ல மெல்ல விரிக்கிறார். போதிய அளவு திறக்காவிட்டால் மென்று தின்ன உதவும் பெரிய தசை பற்றியிருக்கும் தாடையெலும்பின் முனையையும் வெட்டி விடுவதுண்டு. அறுத்த இடம் பச்சைப் புண். அப்படியே விட்டால் ஆறும்போது மறுபடி சுருங்கி, பழைய இறுக்கமே திரும்பும். ஆகவே அதை எதையாவது கொண்டு மூட வேண்டும். கன்னத்துக்குள்ளேயே, தசைகளுக்கிடையில் ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. அதைச் சற்று இழுத்து வந்து புண்ணின்மேல் பரப்பித் தைத்தால் சில வாரங்களில் அதன்மேல் புதிய உட்தோல் படர்ந்துவிடும். இல்லையென்றால் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பிலுள்ள தோலைத் திருப்பி உள்ளே கொண்டுபோகலாம். தோல் தளர்ந்த முதியவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், வடுவும் மடிப்புக் கோட்டிலேயே மறைந்துவிடும். ஆண்களுக்குச் செய்தால் வாய்க்குள் தாடிமயிர் முளைக்கும் தொல்லை உண்டு.

இவ்வளவு செய்தபின் வெற்றி நோயாளியின் கையில் இருக்கிறது. மரக்குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல்வரிசைகளுக்கு நடுவே செருகி, நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டி, மாதக்கணக்கில் வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கும். வலிக்கிறதென்று விட்டுவிட்டு மறுபடி பாக்குப் போட்டால் சத்திரசிகிச்சை செய்ததே வீண்.

புற்றுநோய் என்று உறுதியானால் கதை வேறு. புண்ணை மட்டும் செதுக்கி எடுப்பதில்லை. அதைச் சுற்றி நல்ல தசையிலும் ஏறக்குறைய ஒரு சென்ரிமீட்டர் சேர்த்து வெட்ட வேண்டும். கன்னத்துப் புண் ஈறுவரை போயிருந்தால் தாடையெலும்பின் ஒரு துண்டும் போகும், வெளித்தோலைத் தொட்டிருந்தால் கன்னத்தில் ஓட்டையே விழும். அதோடு கழுத்து. வாய்ப் புற்றுநோய் முதலில் ஓடி ஒளியும் இடம் கழுத்து நிணநீர்க் கணுக்கள். கணு தடவிப் பார்க்க வீங்கியிராவிட்டாலும் முன்கூட்டியே கழுத்தைத் திறந்து அவற்றை எடுத்துவிடுவதா, வீங்கும் வரை காத்திருப்பதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. அதைத் தீர்த்துவைத்தது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் நடந்த ஆய்வு. 2015இல் வெளியான அதன் முடிவின்படி, முன்கூட்டியே கணு எடுக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினர்தான். வெற்றிலையும் பாக்கும் மென்ற நம் தெற்காசிய வாய்களை வைத்துச் செய்த ஆய்வு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது.

கழுத்துச் சத்திரசிகிச்சையில் தோட்டத்து மனிதருக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் நரம்பு இந்தக் கணுக்களின் நடுவே ஓடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் கிரைல் 1906இல் வகுத்த பழைய முறையில் கணுக்களோடு அந்த நரம்பையும் சேர்த்தே எடுத்தார்கள். நரம்பு போனால் தோள் சரியும், கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியாது, கழுத்தும் முதுகும் ஓயாமல் வலிக்கும். மேசை முன் உட்கார்ந்து எழுதுபவர் இதை ஒருவாறு சமாளிப்பார். கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக் கொழுந்துக் கூடையை முதுகில் சுமப்பவரால் முடியாது. ஆர்ஜென்ரீனாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் 1960களில் நரம்பையும் தசையையும் காத்துக் கணுக்களை மட்டும் உரித்தெடுக்கும் முறையைக் காட்டினார். இன்று நோய் அனுமதிக்கும் இடத்திலெல்லாம் இதுவே வழக்கம். பிந்தி வந்த நோயாளியிடம், நரம்பையே கணு கவ்வியிருந்தால், அந்தத் தெரிவு மருத்துவருக்கு இல்லை.

இனி கன்னத்தில் விழுந்த அந்த ஓட்டை. தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவி ஒட்டுவது ஒரு வழி. அந்தத் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. கீழேயுள்ள தசையிலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும். ஆழமான குழிக்கும் எலும்புக்கும் எச்சில் ஊறும் இடத்துக்கும் அது தாங்காது. நாற்றுமேடையில் தேயிலைக் கன்றை வேரும் மண்ணுமாக உறையோடு தூக்கிக் குழியில் வைப்பதுபோல, தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடியோடு சேர்த்து எடுத்து வைப்பதுதான் இரண்டாவது வழி. இதை மருத்துவர்கள் மடல் என்பார்கள்.

மடல் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சுசுருதர் காலத்திலேயே கன்னத் தோலைத் திருப்பி மூக்கு அமைத்திருக்கிறார்கள். மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். பூனாவில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புதிய மூக்கு வைத்தார். இலண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மகசின்’ 1794 ஒக்டோபரில் இதைப் படத்தோடு வெளியிட, அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்பியூ 1814இல் அங்கே முதல் மூக்கை அமைத்தார். பூனாவின் அந்த வைத்தியரின் பெயரை ஒருவரும் குறித்து வைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமே. புருவத்தின் உள்முனையிலிருந்து மேலேறும் சிறு நாடியை அறுக்காமல் விட்டதுதான் அவருடைய திறமை. 1960களில் கிளாஸ்கோவின் இயன் மக்கிரெகர் நெற்றித் தோலையே கன்னத்தின் உட்புறத்துக்கும் இறக்கினார். வாய் மூடியது, ஆனால் நெற்றி முழுவதும் வடு.

1979இல் ஸ்டீபன் ஆரியன் என்ற மருத்துவர், நெற்றிக்குப் பதிலாக மார்புத் தசையைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். தோளெலும்புப் பக்கமிருந்து மார்புக்கு இறங்கும் நாடியில் தொங்கவிட்டபடி, மார்பின் கீழ்ப்பகுதித் தோலைத் தசையோடு சேர்த்துக் கிளப்பி, காறையெலும்புக்கு மேலாகத் தோலுக்கடியில் வழி குடைந்து கழுத்துக்கும் கன்னத்துக்கும் கொண்டுவந்துவிடலாம். நுண்ணோக்கி வேண்டாம், ஒரே சத்திரசிகிச்சையில் முடியும், அநேகமாகத் தவறாது. வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றும் எத்தனையோ வாய்களை மூடிக் காப்பது இந்த மார்பு மடல்தான். இதைப் பழைய முறை என்று இளக்காரமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கன்னம் தடித்து உப்பியிருக்கும், தசையின் பாரம் கழுத்தைக் கீழே இழுக்கும் என்பவை உண்மையே. பெண்களுக்கு மார்பு உருமாறுவதும் உண்டு.

கன்னத்தின் உட்புறத்துக்கு மெல்லிய, மடங்கும் தோல் வேண்டும். அது முன்கையின் உட்புறத்தில் இருக்கிறது. சீன மருத்துவர் யாங் குவோஃபானும் அவருடைய தோழர்களும் 1981இல் எழுதிய இந்த முறையில், நாடி பிடித்துப் பார்க்கும் அதே மணிக்கட்டு நாடியோடு தோலை எடுத்து, உடலிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து, கழுத்திலுள்ள நாடியோடும் நாளத்தோடும் இணைக்கிறார்கள். குழாய்களின் விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமயிரைவிட மெல்லியது, நுண்ணோக்கிக்குக் கீழேதான் கண்ணுக்குப் பிடிபடும். இரத்தக் குழாய் தைக்கும் முறையை 1902இல் வகுத்த அலெக்சிஸ் கரேல், லியோன் நகரத்துப் பூத்தையல்காரப் பெண் ஒருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றவர் என்பார்கள். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முன்கையை எடுக்குமுன் ஒரு சோதனை. மணிக்கட்டின் இரு நாடிகளையும் அழுத்திப் பிடித்து, உள்ளங்கை வெளுத்தபின் சுண்டுவிரல் பக்கத்து நாடியை மட்டும் விடுவார்கள். சில விநாடிகளில் கை முழுவதும் சிவந்தால், ஒரு நாடி போனாலும் கை பிழைக்கும். வழக்கமாக இடக்கையைத்தான் எடுப்பார்கள், வலக்கைக்காரருக்கு இடக்கை இரண்டாந்தரம் என்ற எண்ணத்தில். கொழுந்தெடுப்பவருக்கு அப்படியொரு இரண்டாந்தரக் கை கிடையாது. இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், கிலோக் கணக்கு அதில்தான் நிற்கிறது. தாடையெலும்புக்கு மாற்றாகக் காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பை எடுக்கும்போதும் இதே கேள்வி. டேவிட் ஹிடால்கோ 1989இல் காட்டியபடி, முழங்காலுக்கருகிலும் கணுக்காலுக்கருகிலும் சில சென்ரிமீட்டர் விட்டு நடுவெலும்பை அதன் நாடியோடு எடுத்து, ஆப்பு ஆப்பாக அறுத்துத் தாடையின் வளைவுக்கு மடக்கி, டைட்டேனியத் தகட்டில் திருகி வைக்கிறார்கள். உடம்பின் பாரத்தைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு என்பதால் நடக்க முடியும். ஆனால் ஈரமான சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குபவர் எப்போது மலைக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே கேட்டறிந்து பேச வேண்டும். எந்த உறுப்பிலிருந்து கடன் வாங்குவது என்பது நோயாளியின் பிழைப்பைத் தெரிந்தபின் எடுக்கவேண்டிய முடிவு.

தைத்து முடித்த முதல் இரவு யாருக்கும் உறக்கமில்லை. தாதி மணிக்கொருதரம் மடலின் நிறத்தைப் பார்ப்பார். வெளுத்தால் இரத்தம் வரவில்லை, கருநீலமானால் வந்தது திரும்பிப் போகவில்லை. ஊசியால் குத்தினால் செந்நிற இரத்தம் துளிர்க்க வேண்டும். தவறினால் சில மணி நேரத்துக்குள் மறுபடி சத்திரசிகிச்சைக் கூடம். தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச அட்டைப்பூச்சி விடுவதும் உண்டு, அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாது. மழைநாளில் மலையில் காலில் ஏறும் அட்டையை எடுத்து யாரும் வைத்துவிடக் கூடாது. இதற்கென்றே வளர்க்கப்படும் வேறு இனம் அது.

பெரிய கட்டியென்றால் இதோடு முடிவதில்லை. கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள் என்று ஏறக்குறைய ஆறு வாரம் போய்வர வேண்டும். பதுளையிலிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை போகிற தோட்டத் தொழிலாளிக்குச் சிகிச்சை இலவசம், அது இந்த நாட்டின் பெருமை. ஆனால் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான பஸ் பயணம், கூடவருபவரின் சாப்பாடு, தங்குமிடம் எதுவும் இலவசமில்லை. பேர் விழாத, அதாவது வேலைநாளாகப் பதியாத, ஒவ்வொரு நாளும் சம்பளத்தில் வெட்டு. நோயாளி பிந்தி வருவதற்கு அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் கணக்குப் பார்த்துத்தான் பிந்துகிறார்கள்.

முந்தி வந்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. சமன் வர்ணகுலசூரியவும் மற்றவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் சந்தேகித்தவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர் அளவுதான் வந்து சேர்ந்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இரா. சங்கரநாராயணன் குழுவினர் நடத்திய பெரிய ஆய்வு 2005இல் வந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. சிறிதாக இருக்கும்போது பிடித்த புண்ணை வெட்டி, ஓரங்களை இழுத்துத் தைத்து அனுப்பிவிடலாம். கையும் காலும் மார்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் டொக்டரையாமார் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவரையும் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கிளினிக் நாளுக்குப் பேர் விழ வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். வாசிக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ வெற்றிலை போடும் ஒருவரின் வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ கண்டால், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராதீர்கள், தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. அடுத்த வாரம், சம்பளம் வந்தபின், தீபாவளி கழிந்தபின் என்று தள்ளாமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவார்கள்.